பன்னெண்டுல ஒரு பேரு

பையில இருக்கிற பேரைத்தானே பார்த்துட்டு வர்றீங்க? பூவாத்தா மில்ஸ் கபடிக் குழு. அதேதானுங்க. பொம்பளப் புள்ளைக குழு. போன சித்திரையில பெருந்துறையில கோப்பை வாங்குச்சே, பேப்பர்லகூட போட்டோ வந்துச்சே, அந்தக் குழுதான். நான்தான் கோச்சு. பத்தொம்பது வருசம்.

இருந்தேன்னு சொல்லணும். வாய்க்கு இன்னும் பழகலைங்க.

நீங்க கரூர்ல ஏறினீங்களா? நான் தென்னிலையில ஏறினேன். காங்கயத்துல எறங்கணும். மழை வேற தூறிட்டே இருக்குது, இந்த வண்டி வெள்ளகோயில் போறதுக்கே முக்கா மணி நேரம் ஆக்கிப்போடும். நான் பேசறது உங்களுக்குச் சடைவா இருந்தாச் சொல்லிப்போடுங்க. பேசாம ஜன்னலைப் பார்த்துட்டு வந்துருவேன். இல்லீங்களா? சரி.

எனக்கு வருத்தமெல்லாம் ஒண்ணுமில்லீங்க. அதை மொதல்லயே சொல்லிப்போடறேன். வருத்தம் இருந்தா அழுகை வரணும், இல்லாட்டிக் கோவம் வரணும். ரெண்டும் வரலை. கால் மேல கால் போட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்தா மரத்துப்போகும் பாருங்க, கிள்ளினாலும் யாரோட காலையோ கிள்ளற மாதிரி இருக்கும். அப்படித்தான் இருக்குது. வீட்டுக்காரி ருக்மணி சொல்றா, "அழுதாச்சும் தொலைங்க, வீட்டுல ஒரு சத்தமாவது கேக்கட்டும்"னு. எங்கிருந்துங்க அழுகறது?

மில்லுக் குழுன்னா எப்படின்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. பன்னெண்டு புள்ளைக. பேருக்கு மில்லுல வேலை, பேக்கிங்குல ரெண்டு மணி நேரம் நின்னாப் போதும். மில்லு ஹாஸ்டல்லயே சோறு, கட்டிலு. காலையிலயும் பொழுதோடயும் பழக்கம். பொங்கலுக்கு ஆரம்பிச்சா வைகாசி வரைக்கும் ஊர் ஊராப் போட்டி. ஆனியில புள்ளைக ஊருக்குப் போயிரும். ஆடியில இருந்து ஐப்பசி வரைக்கும் ஆட்டம் இல்லை. சனங்க நினைச்சுக்குவாங்க, அந்த நாலு மாசம் கோச்சுக்கு ஓய்வுன்னு. ஓய்வா? குழு உருவாகறதே ஆட்டமில்லாத அந்த நாலு மாசத்துலதான். யாரை எடுக்கறது, யாரைக் கழிக்கறது. களத்துல வர்ற தோல்வியெல்லாம் அப்பவே எழுதியாச்சு. களத்துல நாம வாசிக்கறோம், அவ்வளவுதான்.

பெரியவர் இருந்த காலத்துல இது சுலபமுங்க. பெரியவர்னா மில்லு மொதலாளி. அவங்கம்மா பேருதான் பூவாத்தா. ஆடியில ஒரு நாள் என்னையக் கூப்பிடுவாரு. "ஏப்பா சென்னியப்பா, யாரு கல்யாணமாகிப் போறா, யாரு புதுசா வர்றா?" அவ்வளவுதான் கேள்வி. யாரையும் கழிக்கிறதுங்கற பேச்சே கிடையாது. அவரு ஒரு வழக்கம் வெச்சிருந்தாருங்க. ஆட்டத்துல அடிபட்டு இனி ஆட முடியாத புள்ளைக்கு மில்லு ஆபீசுல ஒரு நாற்காலி. எத்தனை வருசமானாலும் அந்த நாற்காலி அவளோடது. இப்பவும் டைம் ஆபீசுல ஒருத்தி இருக்கறா, தோள்பட்டை போனவ. என்னோட முதல் குழுவுல ஆடினவ.

பெரியவர் மாசிமாசம் தவறிட்டாரு. சின்னவர் வந்தாரு.

சின்னவரைக் குறை சொல்ல மாட்டேனுங்க. வெளிநாட்டுல படிச்சவரு, மரியாதை தெரிஞ்சவரு. என்னைய ஒரு நாளும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, சார்னுதான். ஆடி பொறந்த மறுநாள் கூப்பிட்டாரு. மேசை மேல நாங்க வாங்கின கோப்பை. பக்கத்துல லேப்டாப்பு.

"சார், கோப்பை வாங்கியாச்சு. சந்தோசம். இனி குழுவை மாத்தணும்"னாரு.

"ஜெயிச்ச குழுவை எதுக்குங்க மாத்தணும்?"

"ஜெயிச்சதாலதான் சார். எல்லாரும் இப்ப நம்மளையப் பார்த்துட்டிருப்பாங்க."

எனக்கு அது சரின்னுதான் பட்டுச்சு. நான் மாத்தத்துக்கு விரோதி இல்லீங்க. மொதல்ல சமையக்கார மாராத்தாளை மாத்தினாங்க. பதினாறு வருசம் சமைச்ச அம்மா. முளைகட்டின பயறு, முட்டை வெள்ளைக்கரு, அளந்து போடற சோறுன்னு புதுத் திட்டம் வந்துச்சு, அந்தம்மாளுக்கு அதெல்லாம் வராது. சின்னவர் என்னையச் சொல்லச் சொன்னாரு. சொன்னேன். "நான் போட்ட சோத்துலதானுங்களே கோப்பை வந்துச்சு?"ன்னு கேட்டா. வாஸ்தவந்தான். ஆனா காலம்னு ஒண்ணு இருக்குதில்லீங்களா? அப்பறம் புள்ளைகளுக்குக் காலு கையி உருவி விடற அம்மாவை நிறுத்தினாங்க, மிசினு வந்துருச்சு. அதையும் நான்தான் சொன்னேன். நம்ம வாயால சொன்னா கொஞ்சம் பதமாச் சொல்லலாம் பாருங்க.

அதுக்கப்பறந்தான் ரீத்து.

ஹரியானாப் புள்ள. இருபத்தியொரு வயசு. சின்னவர் லேப்டாப்புல ஆட்டத்தைப் போட்டுக் காமிச்சாரு. நானும் எத்தனையோ ஆட்டம் பார்த்தவனுங்க. எதிராளி பக்கம் பாடிப் போற புள்ளைக பாதிப்பேரு தொட்டுட்டுத் திரும்பி ஓடறதுலதான் குறியா இருப்பாங்க. இவ அப்படியில்லை. அவிங்க நடுவுல போய் நின்னுக்கிட்டு, அவசரமே இல்லாம, சந்தையில காய் பொறுக்கற மாதிரி ஒவ்வொருத்தியாத் தொட்டா. எனக்கு உடம்பு சிலிர்த்துப்போச்சு. "எடுத்துருங்க"ன்னேன். பொய் சொல்லக்கூடாது, நான்தான் சொன்னேன், "எப்படியாச்சும் எடுத்துருங்க"ன்னு.

"எடுத்தாச்சு சார்"னு சிரிச்சாரு. "ஆனா பன்னெண்டு பேருதான். ஒரு பேரைக் கழிக்கணும். உங்க குழு, நீங்களே சொல்லுங்க. உங்க பேச்சுக்கு மறுபேச்சு இல்லை."

அதுல ஒரு பெருமைதானுங்க எனக்கு. உங்க பேச்சுதான்னு மொதலாளி சொல்றப்ப யாருக்குத்தான் இருக்காது?

பன்னெண்டு பேரையும் எழுதி வெச்சு நாலு நாள் பார்த்தேன். கழிக்கறதுக்கு யாருமில்லை. பதினொரு பேரு சின்னப் புள்ளைக, இன்னும் அஞ்சாறு வருசம் ஆடும். மிச்சம் சுகந்தி.

சுகந்தியைப் பத்திச் சொல்லோணும். இந்தத் தென்னிலைப் பக்கந்தான். அப்பன் ஆடு மேய்க்கறவன். பதினஞ்சு வயசுல பள்ளிக்கூட விளையாட்டு விழாவுல பார்த்துக் கூட்டிட்டு வந்தேன். பதினாலு வருசமா எங்க குழு. எட்டு வருசமாக் கேப்டன். இடது ஓரத்துல நிப்பா. பாடி வர்றவ கணுக்காலை ஒருதடவை பிடிச்சாளா, உடும்புதான். சிமிட்டியில பதிச்ச மாதிரி அந்தக் கால் அங்கயே நிக்கும். பேச்சு அதிகமில்லை. ஆட்டம் முடிஞ்சதும் மத்த புள்ளைக போட்டோ எடுத்துட்டிருக்கும், இவ தண்ணிக் கேனைத் தூக்கி வண்டியில வெச்சிட்டிருப்பா. கல்யாணத்துக்கு ரெண்டு தடவை வந்தாங்க. "அடுத்த சீசன் முடியட்டும் சார்"னுட்டா. நானும் சரின்னேன். குழுவுக்கு வேணுமில்லீங்களா?

முழங்கால் அந்தப் பெருந்துறைப் போட்டியில போனதுதான். காலையில அரையிறுதி. ஒரு புள்ளையைப் பிடிக்கப் போய் ரெண்டுபேரு இவ மேல விழுந்துட்டாங்க. சத்தம் எனக்கே கேட்டுது, காஞ்ச மிலாறுக் குச்சி ஒடிஞ்ச மாதிரி. பொழுதோட இறுதி ஆட்டம். கால் வீங்கி இளநி மாதிரி ஆகிப்போச்சு. அங்க ஒரு டாக்டர் பார்த்துட்டு, "இந்தப் பொண்ணு எறங்கக்கூடாது"ன்னாரு. டாக்டருன்னா அப்படித்தான் சொல்லுவாங்க. வலி தெரியாம ஒரு ஊசி மட்டும் போடச் சொன்னேன். மொதல்ல மாட்டேன்னாரு. அப்பறம் போட்டாரு.

சுகந்திகிட்டப் போய்க் கேட்டேன். "தாங்குமா அம்மிணி?"

"நீங்க சொல்லுங்க சார்"னா.

"ரெண்டு கட்டுப் போட்டா தாங்கும்"னேன்.

"சரிங்க சார்"னு எந்திரிச்சா.

எறங்கினா. கடைசி ஆட்டத்துல ரெண்டே ரெண்டு பாயிண்டு முன்னாடி இருந்தோம். அவங்க பக்கத்துல இருந்து கடைசியாப் பாடி வந்த புள்ளையைப் பிடிச்சது யாருன்னு நினைக்கறீங்க? ஒத்தக் கால்ல நின்னுட்டுப் பிடிச்சா. கோப்பை வந்துச்சு. வண்டியில எல்லாப் புள்ளைகளும் பாட்டுப் பாடிட்டு வந்தாங்க. இவ காலை நீட்டி உட்கார்ந்துட்டு வந்தா. நான் திரும்பிப் பார்த்தப்பெல்லாம் சிரிச்சா.

அதுக்கப்பறம் அந்தக் கால் மடங்கலை. மூணு மாசத்துல சரியாகிரும்னு நினைச்சேன். ஆகலை.

அப்ப யாரைக் கழிக்கறதுன்னு நீங்களே சொல்லுங்க? நான் இல்லாட்டி வேற யாராச்சும் அவ பேரை எழுதியிருப்பாங்க. நான் எழுதினா மரியாதையா எழுதுவேன். அதனாலதான் எழுதினேன்.

அதுக்கு ஒரு ஃபாரம் இருக்குதுங்க. சின்னவர் வந்து எல்லாத்துக்கும் ஃபாரம் கொண்டுவந்துட்டாரு. விடுவிக்கக் காரணம்னு ஒரு வரி. 'முழங்கால் காயத்தால் வரும் சீசனுக்கு ஏற்றவர் அல்ல'ன்னு எழுதினேன். கீழ ரெண்டு கட்டம். 'ஆட்டத்தில் ஏற்பட்ட காயம்'னு ஒண்ணு. 'பழைய காயம்'னு ஒண்ணு. ஏதாச்சும் ஒண்ணுல டிக் அடிக்கணும்.

நான் ரெண்டாவதுல அடிச்சேன்.

ஏன்னா, ரோசனை பண்ணிப் பாருங்க. ஆட்டத்துல பட்டதுன்னு அடிச்சா, எந்த ஆட்டம்னு கேப்பாங்க. அரையிறுதின்னா, அப்பறம் எதுக்கு இறுதி ஆட்டத்துல எறக்கினீங்கன்னு கேப்பாங்க. டாக்டரைக் கூப்பிட்டு விசாரிப்பாங்க. சின்னவர் அப்பத்தான் எல்லாத்தையும் மாத்திட்டிருக்கற நேரம். நான் போயிட்டா இந்தப் புள்ளைக கதி? பன்னெண்டு பேரை நினைச்சுத்தான் அடிச்சேன். ஒரு டிக்குத்தானுங்க. பேனா மையி ஒரு அரிசி அளவுகூட செலவாகலை.

அந்த டிக்குனால அவளுக்கு ஆபீசு நாற்காலி இல்லாமப் போச்சுங்கறது பின்னாடிதான் தெரிஞ்சுது. தெரிஞ்சுதுன்னா, தெரியும். ஆனா அந்த நேரத்துல அது மண்டையில உறைக்கலைங்க.

அவளுக்குக் கடுதாசி கொடுத்த அன்னிக்கு நான் ஊர்ல இல்லை. பழனிக்குப் போயிருந்தேன். வேணும்னு போகலை, ஆடிக் கிருத்திகை. நாலு நாள் கழிச்சு வந்து ஹாஸ்டல்ல பார்த்தா, அவ கட்டிலு மேல மெத்தையைச் சுருட்டி வெச்சிருக்குது. வார்டன் அம்மா சொல்லுச்சு, "சார் வரட்டும், சொல்லிட்டுப் போறேன்னு ரெண்டு நாள் இருந்தா. அப்பறம் அவங்கப்பன் வந்து கூட்டிட்டுப் போயிட்டாரு"ன்னு. ரெண்டு நாள் இருந்திருக்கறா பாருங்க. தெரிஞ்சிருந்தா சீக்கிரம் வந்திருப்பேன்.

வந்திருப்பேன்.

ரீத்துவைக் கூப்பிட ஈரோடு ஸ்டேசனுக்கு நான்தான் போனேன். ஒரு தகரப் பொட்டி, ஒரு பை, காதுல வயரு. ரெண்டு நாள் ரயில்ல வந்த புள்ள. ஓட்டல்ல இட்டிலி வாங்கிக் கொடுத்தா, அதைப் பிட்டு சாம்பார்ல முக்கத் தெரியாம முழுசாக் கையில எடுத்துக் கடிச்சுது. சிரிச்சுட்டேன். கட்டிலைக் காமிச்சேன். யாரோட கட்டிலுன்னு மத்த புள்ளைக யாரும் சொல்லலை, ஆனா மொத ஒரு வாரம் அந்தப் புள்ளைகிட்ட யாரும் பேசவும் இல்லை. நான்தான் எல்லாரையும் உட்கார வெச்சுப் பேசினேன். "குழுன்னா வர்றதும் போறதும் இருக்கும். அதைப் பெருசா எடுத்துக்கக்கூடாது. நல்ல ஆட்டக்காரிக்கு மனசு களத்துல மட்டுந்தான் இருக்கணும்"னு. நல்லாப் பேசினேன். அன்னிக்குப் பேசினதை இப்ப நினைச்சாலும் நல்லாத்தான் இருக்குது.

ஆவணி பூரா அந்தப் புள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தேன். பாஷை வராது. கையைக் காமிச்சா பிடிச்சுக்குவா. இவளை வெச்சு வர்ற பொங்கலுக்கு என்னென்ன பண்ணலாம்னு ஒரு நோட்டுல படம் படமா வரைஞ்சு வெச்சேன்.

புரட்டாசி ரெண்டாஞ் சனிக்கிழமை. விரதம், சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தேன். வாசல்ல மில்லு வாட்ச்மேன் நின்னான். ஒரு கவரு. என்னைய நேராப் பார்க்காமக் கொடுத்தான். "காப்பி குடிச்சுட்டுப் போப்பா"ன்னேன். "இல்லீங்க சார்"னு சைக்கிளை எடுத்துட்டுப் போயிட்டான்.

பிரிச்சா, என்னோட ஒப்பந்தத்தை இந்த வருசம் நீட்டிக்கலையாம். இதுவரை ஆற்றிய பணிக்கு நன்றியாம். காரணம்னு ஒரு வரி. 'வயது.' அம்பத்திநாலுங்க எனக்கு. இந்த வயசுலதான் கோச்சுக்கு அறிவே வருது. சென்னையில இருந்து ஹெலன்னு ஒரு அம்மா வர்றாங்களாம், முறையாப் படிச்சுச் சர்ட்டிபிகேட் வாங்கினவங்களாம். அதுவரைக்கும் புள்ளைகளை நான் பார்த்துக்கணுமாம்.

கவரை மடிச்சு வெச்சுட்டு மறுக்கா சோத்துல கையை வெச்சேன். ரசம் ஊத்தச் சொன்னேன். ருக்மணி கேட்டா, "என்னுங்க கடுதாசி?" "ஒண்ணுமில்லை, மில்லு விசயம்"னேன். பூராச் சோத்தையும் சாப்பிட்டேன். மோர் குடிச்சேன். கையைக் கழுவறப்பத்தான் கவனிச்சேன், ரசத்துல உப்பு இருந்துச்சா இல்லையான்னுகூட எனக்குத் தெரியலை. அன்னிக்குப் போன ருசிங்க. இன்னும் வரலை.

ஹெலன் அம்மா வந்தாங்க. மரியாதையான பொம்பளை. எனக்கு ஒரு வணக்கம் வெச்சாங்க. நோட்டைக் கொடுத்தேன். புரட்டிப் பார்த்துட்டு, "ரொம்ப அழகா வரைஞ்சிருக்கீங்க சார்"னு திருப்பிக் கொடுத்துட்டாங்க. அன்னிக்கு ரீத்து ஒருத்திதான் அழுதா. "சார், போகாதே"ன்னா. போகாதீங்கன்னு சொல்லத் தெரியலை அதுக்கு. மத்தவிங்க பதினொரு பேரும் வரிசையில நின்னாங்க. மனசு களத்துல இருந்துச்சுன்னு நினைக்கறேன்.

எனக்கு என்ன ஆதங்கம்னா, ஒரே ஒரு ஆதங்கம். கூப்பிட்டு நேர்ல ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பத்தொம்பது வருசம் இருந்தவனுக்கு வாட்ச்மேன் கையில கவரு. முகத்தைப் பார்த்துச் சொல்ல ஒரு ஆளு இல்லையா அந்த மில்லுல? என்னைய ஒரு கேள்வி கேட்டாங்களா? 'வயது'ன்னு எழுதினவன் என்னையப் பார்த்திருக்கறானா? அது எப்படிங்க, ஒரு மனுசன் சங்கதியை ஒரு வரியில எழுதிப்போடறது? அதுதான் எனக்குப் புடிபடவே இல்லை.

வெள்ளகோயில் வந்துருச்சுங்களா? ஆமா, கடைவீதி தெரியுது. இங்க பத்து நிமிசம் நிறுத்துவான். உங்களுக்கு டீ வேணுமா? எனக்கு வேண்டாமுங்க. குடிச்சாலும் சுடுதுங்கறது மட்டுந்தான் தெரியும்.

அதனால ஒரு மனு எழுதினேன். நானே கைப்பட எழுதினது. ஆடின புள்ளைக கையெழுத்தோட கொடுத்தா சின்னவர் மனசு மாறலாம்னு ஒரு நினைப்பு. ஹெலன் அம்மா இருக்கட்டும், கூட ஒரு ஓரமா நானும் இருந்துக்கறேன். அவ்வளவுதான் கேட்டிருக்கறேன். பழைய புள்ளைக ஒவ்வொருத்தி வீடாத் தேடிப் போனேன். கல்யாணமாகி தாராபுரத்துல ஒருத்தி, மூலனூர்ல ரெண்டு பேரு, டைம் ஆபீசுல இருக்கற அந்தப் புள்ள. ஒம்பது பேரு போட்டாங்க. யாரும் படிச்சுக்கூடப் பார்க்கலை. "சார் கேக்கறீங்க, போடாம இருப்பனா?"ன்னு புள்ளைய இடுப்புல வெச்சுட்டே போட்டாங்க. கேப்டன் கையெழுத்து இல்லாம அதைக் கொடுத்தா நல்லாருக்காதில்லீங்களா? அதுக்குத்தான் இன்னிக்குத் தென்னிலை.

சுகந்தி அங்க ஒரு பள்ளிக்கூடத்துல புள்ளைகளுக்குக் கபடி சொல்லிக்கொடுக்கறா. நான் போனப்ப மைதானத்துல இருந்தா. ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல்ல உட்கார்ந்து, ஒரு காலை நீட்டி வெச்சுட்டு, விசில் ஊதிட்டிருந்தா. என்னையப் பார்த்ததும் எந்திரிச்சா. அந்த எந்திரிக்கறது ஒண்ணுதான் கொஞ்சம் மாறியிருக்குது, கையை ஊணி, உடம்பைச் சாய்ச்சு. மத்தபடி நல்லா இருக்கறா.

"வாங்க சார்"னா. புள்ளைகளை வரிசையா நிறுத்தினா. "இவருதான் எங்க சார். என்னைய ஆட வெச்சவரு"ன்னா. எல்லாம் வணக்கம் வெச்சுது. எனக்கு நாற்காலி வந்துச்சு, டீ வந்துச்சு.

சித்த நேரம் ஆட்டத்தைப் பார்த்தேன். ஒரு புள்ள, நல்ல வெடிப்பான புள்ள, ஓரத்துல உட்கார்ந்திருந்துச்சு. "அதை ஏன் எறக்கலை?"ன்னேன். கால்ல சுளுக்குன்னா. நாளன்னிக்குப் போட்டி இருக்குதாம், அதுலயும் எறக்கலையாம்.

"உன்ற குழுவுல அவதான் நல்ல ஆட்டக்காரி மாதிரி தெரியுதே? ஒரு கட்டுப் போட்டா தாங்கும் அம்மிணி."

"இல்லீங்க சார். அவ உட்காரட்டும்."

"தோத்துப்போவீங்களே?"

"தோத்துக்கறோமுங்க சார்."

எனக்கு அது பிடிக்கலைங்க. வாய்விட்டுச் சொல்லலை. ஆனா கோச்சுக்கு மனசு இவ்வளவு எளக்கமா இருந்தா ஆகாது. இத்தனை வருசம் என்கூட இருந்தும் அதை மட்டும் கத்துக்கலை பாருங்க.

மனுவை எடுத்துக் கொடுத்தேன். வாங்கலை. "நீங்களே வாசிங்க சார், கேக்கறேன்"னா. மத்த புள்ளைக யாரும் வாசிக்கச் சொல்லலை. சரின்னு வாசிச்சேன்.

"பல வருடம் உழைத்த என்னை எந்த விசாரணையும் இல்லாமல் நீக்கியிருக்கிறார்கள். என்னை அழைத்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேரில் சொல்லக்கூட யாரும் வரவில்லை. காரணம் என்று எழுதியிருப்பது உண்மை அல்ல. இந்த மில்லுக்காக என் உடம்பைக் கொடுத்தேன். இனி நான் எங்கே போவேன்?"

இன்னும் அரைப் பக்கம் இருந்துச்சு. அவ தலையைக் குனிஞ்சுட்டுக் கேட்டுட்டே இருந்தா.

வாசிச்சு முடிச்சதும் கேட்டா. "சார், ஒண்ணு கேக்கலாமுங்களா? தப்பா நினைக்கக்கூடாது."

"கேளு அம்மிணி."

"பழைய காயம்னு எழுதியிருந்துச்சுங்களே. அது நீங்களா எழுதினதுங்களா, இல்லை அவிங்க எழுதச் சொன்னாங்களா?"

எழுதவே இல்லைங்க நான். எழுத்து அச்சடிச்சு வெச்சிருந்தது. அதைத்தான் சொன்னேன். "அது ஃபாரத்துல ஒரு கட்டம் அம்மிணி. ரெண்டு கட்டம் இருந்துச்சு. ஏதாச்சும் ஒண்ணுல அடிக்கணும்."

"கட்டமுங்களா"ன்னா. அவ்வளவுதான். கோவமும் இல்லை, ஒண்ணும் இல்லை. ஆட்டத்துல பாயிண்டு போனா அவ மூஞ்சி எப்படி இருக்குமோ அப்படி இருந்துச்சு. அடுத்த ஆட்டத்துக்கு நிக்கற மாதிரி.

பேனாவை வாங்கினா. நீட்டின கால் மேல மனுவை வெச்சு, முழுப் பேரையும் எழுதி, தேதி போட்டுக் கொடுத்தா. எனக்கே ஆச்சரியமாப் போச்சு. கேட்டுட்டேன், "ஏன் அம்மிணி, மாட்டேன்னு சொல்லுவியோன்னு நினைச்சுட்டே வந்தேன்"னு.

என்னைய நிமிந்து பார்த்தா. "நீங்க கேட்டு நான் எதைங்க சார் மாட்டேன்னிருக்கறேன்?"ன்னா.

சிரிச்சுட்டுத்தான் சொன்னா. பெருந்துறையில இருந்து வர்றப்ப வண்டியில சிரிச்சாளே, அந்தச் சிரிப்புத்தான்.

அப்பறம் புள்ளைக கூப்பிட்டாங்க. விசிலை வாயில வெச்சுட்டுப் போயிட்டா. நான் பஸ் ஸ்டாப்புக்கு நடந்து வந்தேன். குடை கையில இருந்துச்சு, விரிக்கணும்னு தோணலை.

இந்தா பாருங்க, மேல்ச்சோப்புலதான், சட்டைப் பையிலதான் இருக்குது. நனையலை, கவர்ல போட்டுட்டேன். பத்துக் கையெழுத்து. திங்கக்கிழமை சின்னவர்கிட்ட கொடுத்துப்போடுவேன். கொடுக்கத்தான் போறேன், அதுல மாத்தமில்லை. கேப்டனே போட்டுட்டா, இனி யாரு என்ன சொல்ல முடியும்?

ஆனா ஒண்ணுங்க. காங்கயம் வர்றதுக்குள்ள உங்ககிட்டக் கேட்டுப்போடறேன், நீங்க யாரோ நான் யாரோ. மத்த ஒம்பது பேரு போட்டதை எடுத்து எடுத்துப் பார்க்கறேன். அவ போட்டதுகிட்டப் போனா கண்ணு அப்படியே தாண்டிப் போயிருது. அவ மாட்டேன்னு சொல்லியிருக்கணும். மூஞ்சிக்கு நேரா, போங்க சார்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும். சொல்லியிருந்தா நானும் அங்கயே நின்னு நாலு சண்டை போட்டுட்டு வந்திருப்பேன். இன்னிக்கு வீட்டுக்குப் போனதும் சோத்துல உப்புத் தெரிஞ்சிருக்கும்.

ஏன் அப்படித் தோணுதுன்னுதான் தெரியலீங்க.